எஞ்சிய ஆண்டுகளின் விலை: உணவக ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதும் கைமாற்றுவதும்

அமெரிக்காவில் ஒரு மெக்டொனால்ட்ஸ் உணவகத்தை நடத்தும் உரிமை வழக்கமாக 20 ஆண்டுகளுக்கு எழுதித் தரப்படுகிறது. அதன் பிறகு என்ன என்பதற்கு அந்த ஒப்பந்தத்தில் உறுதிமொழி எதுவும் கிடையாது. புதுப்பித்துக்கொள்ளும் உரிமை உரிமதாரருக்கு இல்லை என்பதை நிறுவனம் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுகிறது. கடை நிற்கும் மனையையும் கட்டடத்தையும் பெரும்பாலும் நிறுவனமே சொந்தமாகவோ நீண்டகாலக் குத்தகையாகவோ வைத்துக்கொண்டு உரிமதாரருக்கு வாடகைக்கு விடுகிறது. அந்நிறுவனத்தின் தொடக்ககால நிர்வாகி ஹாரி சோன்போர்ன் 1956இல் ஃபிரான்சைஸ் ரியல்டி கார்ப்பரேஷன் என்ற துணை நிறுவனத்தை அமைத்ததிலிருந்து தொடரும் ஏற்பாடு இது. அடுப்பு, குளிர்சாதனம், மேசை நாற்காலி, பெயர்ப்பலகை ஆகியவற்றுக்குப் பணம் போடுபவர் உரிமதாரர். 20 ஆண்டுகள் முடிந்த அன்று பெயரும் இடமும் ஒருசேரக் காலாவதியாக, அவரிடம் எஞ்சுவது அந்தத் தளவாடங்கள்தான்.

நிலத்தை வைத்துச் சொல்வதானால், இது பட்டா நிலம் அல்ல, குத்தகை நிலம். குத்தகைக்காரர் கிணறு வெட்டலாம், வரப்பை உயர்த்தலாம், மண்ணைப் பொன்னாக்கலாம். ஆனாலும் குத்தகைக் காலத்துக்கு மேல் அவர் எதையும் விற்க முடியாது. உணவக ஃபிரான்சைஸை, அதாவது ஒரு பிராண்டின் பெயரில் கடை நடத்தும் உரிமத்தை, வாங்குவோரும் விற்போரும் தடுமாறும் இடம் இதுவே. ஒப்பந்தத்தில் புதுப்பிப்பு ஒரு பிரிவிலும் கைமாற்றம் வேறொரு பிரிவிலும் இருப்பதால், கடையைத் தொடர நினைப்பவர் முன்னதை மட்டும் படிக்கிறார், விற்க நினைப்பவர் பின்னதை மட்டும் படிக்கிறார். ஆனால் விற்பவரிடம் உள்ள சரக்கு எஞ்சியிருக்கும் ஆண்டுகள் மட்டுமே. அந்த ஆண்டுகளுக்கு அப்பால் என்ன கிடைக்கும் என்பதைப் புதுப்பிப்புப் பிரிவுதான் தீர்மானிக்கிறது. ஆகவே கடையின் விலை கைமாற்றப் பிரிவில் எழுதப்பட்டிருப்பதைவிடப் புதுப்பிப்புப் பிரிவில்தான் அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. (இக்கட்டுரையில் பிராண்டுக்குச் சொந்தமான நிறுவனத்தைத் தாய் நிறுவனம் என்றும், அதன் பெயரில் கடை நடத்துபவரை உரிமதாரர் என்றும் குறிப்பிடுகிறேன்.)

இந்தத் துறையில் விதிகள் மிக விரிவாக எழுதப்பட்டிருக்கும் நாடு அமெரிக்கா என்பதால் அங்கிருந்து தொடங்குவது வசதியானது. அங்கே கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தின் ஃபிரான்சைஸ் விதி 1979இல் நடைமுறைக்கு வந்து, 2007இல் திருத்தப்பட்டது. அதன்படி, புதிதாக உரிமம் வாங்க வருபவர் கையெழுத்திடுவதற்கோ பணம் கட்டுவதற்கோ குறைந்தது 14 நாட்களுக்கு முன்பே, 23 அம்சங்கள் கொண்ட வெளிப்படுத்தல் ஆவணம் ஒன்றைத் தாய் நிறுவனம் அவரிடம் தர வேண்டும். ஐந்தாம், ஆறாம் அம்சங்களில் கட்டணங்கள் வருகின்றன. புதுப்பிப்பு, முறிவு, கைமாற்றம், தகராறுத் தீர்வு ஆகிய நான்கும் 17ஆம் அம்சத்தில் ஒரே அட்டவணையாக வருகின்றன. இவற்றை ஒன்றாகப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அட்டவணையின் அமைப்பிலேயே இருப்பதாகக் கொள்ளலாம். படிப்பவர்கள்தான் அப்படிப் படிப்பதில்லை.

2007ஆம் ஆண்டின் திருத்தம் அந்த அட்டவணையில் ஒரு முக்கியமான வரியைக் கட்டாயமாக்கியது. ‘புதுப்பித்தல்’ என்ற சொல்லைத் தன் அமைப்பில் எந்தப் பொருளில் பயன்படுத்துகிறது என்பதைத் தாய் நிறுவனம் விளக்க வேண்டும். முதல் ஒப்பந்தத்திலிருந்து பெரிதும் மாறுபட்ட நிபந்தனைகள் கொண்ட வேறொரு ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கேட்கப்படலாம் என்றால் அதையும் சொல்லியாக வேண்டும். புதுப்பித்தல் என்றால் பழையது அப்படியே நீள்வது என்றுதான் சாதாரண மனிதர் புரிந்துகொள்வார். ஃபிரான்சைஸ் தொழிலில் அச்சொல்லுக்குப் பெரும்பாலும் வேறு பொருள்: பழைய ஒப்பந்தம் முடிந்துபோகிறது, அன்றைய தேதியில் புதியவர்களுக்குத் தாய் நிறுவனம் எந்தப் படிவத்தை நீட்டுகிறதோ அந்தப் படிவம் பழையவருக்கும் நீட்டப்படுகிறது. 20 ஆண்டுகளில் ராயல்டி (விற்பனையில் தாய் நிறுவனத்துக்குத் தரும் பங்கு) விகிதம் ஏறியிருக்கலாம், விளம்பர நிதிக்கான பங்கு கூடியிருக்கலாம், சுற்றுவட்டாரத்தில் இன்னொரு கிளை வராது என்ற பாதுகாப்பு நீக்கப்பட்டிருக்கலாம். இணையவழி ஆர்டர்களுக்கான தொழில்நுட்பக் கட்டணம் போன்றவை பழைய படிவத்தில் பெயரளவிலும் இருந்திருக்காது. உரிமதாரர் முன் இருப்பது இரண்டே வழி: கையெழுத்திடுவது அல்லது கடையை மூடுவது.

அமெரிக்க உணவக ஒப்பந்தங்களில் புதுப்பிப்புக்கான நிபந்தனைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் இருக்கின்றன. முதலாவது அறிவிப்பு. காலம் முடிவதற்கு ஆறு மாதத்துக்குக் குறையாமலும் ஓராண்டுக்கு மிகாமலும் எழுத்துமூலம் விருப்பத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது போன்ற ஏற்பாடு பரவலாக உண்டு. முன்பே கொடுத்தாலும் செல்லாது, தாமதமாகக் கொடுத்தாலும் செல்லாது என்ற அந்தச் சிறிய சாளரத்தைத் தவறவிட்டவருக்கு மற்ற நிபந்தனைகளைப் படிக்க வேண்டிய தேவையே இல்லாமல் போகிறது. அடுத்தது நடத்தை. பாக்கி எதுவும் இருக்கக் கூடாது; ஒப்பந்த மீறல் நிலுவையில் இருக்கக் கூடாது. சில ஒப்பந்தங்கள் ஒரு படி மேலே சென்று, ஒப்பந்தக் காலம் முழுவதிலும் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் மீறல் அறிவிப்பு வந்திருந்தால், அவையெல்லாம் அப்போதே சரிசெய்யப்பட்டிருந்தாலும், புதுப்பிக்க மறுக்கலாம் என்கின்றன. ராயல்டியை ஒரு வாரம் தாமதமாகச் செலுத்தியதற்காக எட்டாம் ஆண்டில் வந்த கடிதத்தை உரிமதாரர் மறந்திருப்பார், கோப்பு மறப்பதில்லை.

பணத்தைக் கரைக்கும் நிபந்தனை கடையின் தோற்றத்தை மாற்றியமைப்பது. புதுப்பிக்கும் நாளில் நடைமுறையிலுள்ள வடிவமைப்புக்கு ஏற்பக் கூரை, விளக்கு, சமையலறை, கல்லாப் பகுதி, கார் வரிசைப் பாதை அனைத்தையும் சொந்தச் செலவில் மாற்ற வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லும். எவ்வளவு செலவாகும் என்று சொல்லாது. சொல்லவும் முடியாது, ஏனென்றால் 20 ஆண்டுகளுக்குப் பின் வடிவமைப்பு எப்படி இருக்கும் என்பது கையெழுத்திடும் நாளில் எவருக்கும் தெரியாது. இதனோடு ஒப்பிட்டால் புதுப்பிப்புக் கட்டணம் சிறிய தொகைதான். பல பிராண்டுகள் புதியவரிடம் வாங்கும் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியையே வாங்குகின்றன. கட்டணத்தைப் பற்றிப் பேரம் பேசிவிட்டு மாற்றியமைப்புப் பிரிவைப் படிக்காமல் விடுவது, தாலிக்குத் தங்கத்தை நிறுத்துப் பார்த்துவிட்டு மண்டப வாடகையைக் கேட்காமல் வருவது போன்றது.

இரண்டு நிபந்தனைகள் கண்ணில் படாமல் நழுவுகின்றன. ஒன்று, விடுதலைப் பத்திரம்: பழைய ஒப்பந்தக் காலத்தில் தாய் நிறுவனத்தின் மீது உரிமதாரருக்கு இருக்கக்கூடிய எல்லாக் கோரிக்கைகளையும் விட்டுக்கொடுப்பதாக எழுதித் தர வேண்டும். மூலப்பொருளுக்குக் கூடுதல் விலை வைத்தார்கள், அருகில் இன்னொரு கிளை திறந்து வியாபாரத்தைப் பிரித்தார்கள் என்ற மனக்குறைகள் எவ்வளவு நியாயமாக இருந்தாலும் புதுப்பிப்புக் கையெழுத்தோடு அவை சட்டப்படி முடிந்துபோகின்றன. மற்றொன்று, இடம். தாய் நிறுவனம் மனையை வைத்திராத பிராண்டுகளில், புதிய காலம் முழுவதற்கும் கடை இருக்கும் கட்டடத்தில் தங்கும் உரிமை தனக்கு உண்டு என்பதை உரிமதாரர் காட்ட வேண்டும். உரிம ஒப்பந்தம் 10 ஆண்டு, கட்டட வாடகை ஒப்பந்தம் ஒன்பது ஆண்டு என்று இருந்துவிட்டால், கடைசி ஆண்டில் கட்டட உரிமையாளர் கேட்கும் வாடகையைக் கொடுப்பதைத் தவிர வேறு வழியிருக்காது. இரண்டு காலங்களையும் ஒரே நாளில் முடியுமாறு முதலிலேயே எழுதிக்கொள்வது செலவில்லாத வேலை. அதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் பின்னால் பெருஞ்செலவு செய்கிறார்கள்.

இனி கைமாற்றத்துக்கு வருவோம். ஒரு கற்பனைக் கணக்கு. 20 ஆண்டு ஒப்பந்தத்தில் 17 ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆண்டு விற்பனை 15,00,000 டாலர், எல்லாம் போக உரிமதாரருக்கு நிற்பது 1,20,000 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சொந்தப் பெயரில் நடக்கும் உணவகமாக இருந்தால் நான்கு ஆண்டு லாபமான 4,80,000 டாலரை விலையாகக் கேட்பது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் இங்கே உறுதியாக எஞ்சியிருப்பது மூன்றே ஆண்டுகள், அதாவது 3,60,000 டாலர். நான்காம் ஆண்டு வேண்டுமானால் 3,00,000 டாலர் செலவில் கடையை மாற்றியமைக்க வேண்டும், ராயல்டியும் ஒரு சதவீதம் ஏறும் என்றால், ஆண்டு லாபம் 1,05,000 டாலராகக் குறைகிறது. புதுப்பிப்புக்குப் பிந்தைய ஏறக்குறைய மூன்று ஆண்டு லாபம் சுவருக்கும் கூரைக்கும் போய்விடுகிறது. இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர் 4,80,000 கொடுக்க மாட்டார். நல்ல விலைக்கு விற்க விரும்பும் உரிமதாரர் பத்தாம், பன்னிரண்டாம் ஆண்டிலேயே விற்கிறார், அல்லது முதலில் புதுப்பித்துவிட்டுப் பிறகு விற்கிறார். ஓய்வுபெறும் வயதில் நிதானமாக விற்கலாம் என்று காத்திருப்பவர் விற்பதற்கு ஒன்றும் இல்லாத நாளில் போய் நிற்கிறார்.

கைமாற்றம் என்றால் கடையை விற்பது மட்டும் என்று எண்ணுவது இன்னொரு பொதுவான பிழை. ஒப்பந்தங்கள் அச்சொல்லுக்கு மிக விரிந்த பொருள் தருகின்றன. பங்குதாரர் ஒருவர் விலகி மற்றொருவர் சேர்வது, உரிமத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் பங்குகள் கைமாறுவது, விவாகரத்தில் சொத்து பிரிவது, வங்கிக் கடனுக்கு உரிமத்தைப் பிணையாக வைப்பது, உரிமதாரரின் மரணம் ஆகிய எல்லாமே அந்தப் பிரிவுக்குள் வந்துவிடும். தனிநபர் பெயரில் வாங்கிய உரிமத்தை வரி வசதிக்காகத் தன் சொந்த நிறுவனத்தின் பெயருக்கு மாற்றுவதுகூடக் கைமாற்றமே. அதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லாமலோ குறைந்த கட்டணத்திலோ அனுமதி கிடைக்கும், ஆனால் கேட்காமல் செய்தால் அது ஒப்பந்த மீறல். மீறல் என்றானால் முறிவுப் பிரிவு விழித்துக்கொள்ளும்.

முறையான விற்பனையில் தாய் நிறுவனத்தின் எழுத்துமூல முன்சம்மதம் முதல் நிபந்தனை. அதை ஒட்டியே முன்வாங்கும் உரிமை வருகிறது: வெளியார் ஒருவர் விலை பேசி முடித்த பிறகு, அதே விலைக்கு, அதே நிபந்தனைகளில் கடையைத் தானே எடுத்துக்கொள்ளத் தாய் நிறுவனத்துக்கு 30 நாள் போன்ற ஒரு கெடு உண்டு. விற்பவருக்கு இதில் நேரடி நட்டம் இல்லை, யார் கொடுத்தாலும் பணம் பணம்தானே. நட்டம் மறைமுகமானது. பல வாரம் கணக்குகளைப் புரட்டி, வழக்கறிஞருக்குப் பணம் கொடுத்து, விலை பேசி முடித்த பின் கடைசி நிமிடத்தில் கடை கைநழுவலாம் என்று தெரிந்தால் அக்கறையுள்ள வாங்குநர் தொடக்கத்திலேயே விலகிக்கொள்வார். விலகாதவர் அந்த அபாயத்தை விலையில் கழித்துக்கொள்வார்.

வாங்குபவரின் தகுதி அடுத்த வாசல். கையிருப்பு, கடன் அளவு, முன் அனுபவம், நேர்காணல், பயிற்சி ஆகியவற்றில் அவர் புதிய விண்ணப்பதாரரைப் போலவே தேற வேண்டும். விலை அதிகமாக இருந்து, அதற்கான கடன் தவணை கடையின் வருமானத்தை விழுங்கும் என்று தோன்றினால் அதையே காரணமாகக் காட்டித் தாய் நிறுவனம் மறுக்க இடமளிக்கும் ஒப்பந்தங்களும் உண்டு. இது விற்பவருக்கு எரிச்சலூட்டும் ஏற்பாடு என்றாலும் முற்றிலும் நியாயமற்றது என்று சொல்வதற்கில்லை: தலைக்கு மேல் கடனோடு நுழைபவர் முதலில் கை வைப்பது ஊழியர் எண்ணிக்கையிலும் பண்டத்தின் தரத்திலும்தான், கெடுவது பிராண்டின் பெயர்தான்.

வாங்குபவர் கையெழுத்திடுவது எந்த ஒப்பந்தத்தில் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். பழைய ஒப்பந்தத்தின் எஞ்சிய காலத்தை அதே நிபந்தனைகளில் ஏற்பது ஒரு முறை. அன்றைய புதிய படிவத்தில், ஆனால் எஞ்சிய காலத்துக்கு மட்டும் கையெழுத்திடுவது இரண்டாம் முறை. இதில் பழைய ராயல்டி போய்விடும், ஆண்டுகளும் கூடாது, ஆகவே வாங்குபவருக்கு மிகவும் பாதகமானது. புதிய படிவத்தில் முழுக் காலத்துக்கும் கையெழுத்திடுவது மூன்றாம் முறை. இதற்குக் கூடுதல் கட்டணமும் உடனடி மாற்றியமைப்பும் விலையாகக் கேட்கப்படலாம். ஒரே கடை இந்த மூன்று முறைகளில் மூன்று வெவ்வேறு விலை பெறும்.

விற்பவரும் கதவைச் சாத்திவிட்டு அப்படியே போய்விட முடியாது. பாக்கிகளைத் தீர்க்க வேண்டும், கைமாற்றக் கட்டணம் செலுத்த வேண்டும், அவரும் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் குறிப்பிட்ட தொலைவுக்குள் அதே வகை உணவகம் நடத்தக் கூடாது என்ற தடைக்கும் உட்பட வேண்டும். அவர் கொடுத்த தனிப்பட்ட ஜாமீன் ரத்தாகிறதா என்பது தனிக் கேள்வி. கட்டட வாடகைக்கு ஜாமீன் போட்டவர், கட்டட உரிமையாளர் எழுத்தில் விடுவிக்காத வரை, கடையை விற்ற பிறகும் வாங்கியவர் வைக்கும் வாடகைப் பாக்கிக்குப் பொறுப்பாளியாகத் தொடரக்கூடும்.

இதே கட்டத்தில் கூட்டாட்சி விதியில் ஒரு ஓட்டை இருக்கிறது. ஏற்கெனவே நடக்கும் கடையை உரிமதாரரிடமிருந்து நேரடியாக வாங்குபவரோடு தாய் நிறுவனத்துக்குக் குறிப்பிடத்தக்க தொடர்பு இல்லையென்றால், அவருக்கு வெளிப்படுத்தல் ஆவணம் தரப்பட வேண்டிய கட்டாயமில்லை. கைமாற்றத்தை ஏற்பதோ மறுப்பதோ மட்டும் அத்தகைய தொடர்பாகக் கருதப்படாது. இடைவெளியின்றி நடக்கும் கடையின் புதுப்பிப்புக்கும் இதே விலக்கு உண்டு, ஆனால் புதிய நிபந்தனைகள் பழையவற்றிலிருந்து பெரிதும் மாறுபட்டால் அந்த விலக்கு போய்விடும். ஆகவே கைமாற்றத்தில் வாங்குபவர் அந்த ஆவணத்தைத் தாமே கேட்டுப் பெறுவது நல்லது. முந்தைய மூன்று ஆண்டுகளில் எத்தனை கடைகள் கைமாறின, எத்தனை புதுப்பிக்கப்படாமல் முடிந்தன என்ற எண்ணிக்கைகள் அதன் 20ஆம் அம்சத்தில் இருக்கின்றன. ஒரு பிராண்டின் புதுப்பிப்புப் பிரிவு எவ்வளவு இனிமையாக எழுதப்பட்டிருந்தாலும், அதன் உண்மையான நடத்தை அந்த அட்டவணையில் தெரிந்துவிடும்.

கூட்டாட்சி விதி தகவல் தரச் சொல்கிறதே தவிர, நிபந்தனை நியாயமாக இருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. அந்த வேலையைச் சில மாநிலங்கள் செய்கின்றன. பெரும்பாலான மாநிலங்கள் செய்வதில்லை. கலிபோர்னியாவில் புதுப்பிக்க விரும்பாத தாய் நிறுவனம் குறைந்தது 180 நாட்களுக்கு முன் அறிவிக்க வேண்டும். அதோடு, அந்த 180 நாட்களுக்குள் தகுதியுள்ள ஒருவருக்குக் கடையை விற்றுக்கொள்ள உரிமதாரரை அனுமதிப்பது, புதுப்பிக்க மறுப்பதைச் சட்டபூர்வமாக்கும் வழிகளில் ஒன்றாக அச்சட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. புதுப்பிப்பும் கைமாற்றமும் ஒரே கேள்வியின் இரு பக்கங்கள் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள். 2016இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விற்பனைக்கான முழு விவரம் கிடைத்த 60 நாட்களுக்குள் தாய் நிறுவனம் சம்மதத்தையோ மறுப்பையோ தெரிவிக்க வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியின் 1971ஆம் ஆண்டுச் சட்டம் தகுந்த காரணமின்றிப் புதுப்பிக்க மறுப்பதையே தடை செய்கிறது. கைமாற்றத்துக்கு அங்கும் 60 நாள் கெடுதான். வாஷிங்டன் மாநிலத்தின் ஏற்பாடு நூதனமானது. புதுப்பிக்க மறுத்தால் சரக்குக்கும் தளவாடத்துக்கும் நன்மதிப்புக்கும் (கடை சேர்த்துவைத்த வாடிக்கையாளர் ஆதரவின் மதிப்பு) நியாயமான சந்தை விலை தர வேண்டும்; ஆனால் ஓராண்டு முன்பே அறிவித்து, போட்டித் தொழில் தடையையும் கைவிட்டால் நன்மதிப்புக்கான தொகையைத் தர வேண்டியதில்லை. ‘பெயரை நான் எடுத்துக்கொள்கிறேன், வாடிக்கையாளரை நீ கூட்டிக்கொண்டு போ’ என்ற பங்கீடு அது. இதுவரை நான் படித்த ஏற்பாடுகளில் இதைவிட நேர்மையான ஒன்றைச் சொல்வது கடினம்.

கைமாற்றமே இல்லாத பிராண்டும் உண்டு. சிக்-ஃபில்-ஏ என்ற அமெரிக்கக் கோழி உணவக நிறுவனத்தில் கடை நடத்துபவர் 10,000 டாலர் மட்டும் கட்டுகிறார். மனை, கட்டடம், தளவாடம் எல்லாம் நிறுவனத்தின் செலவு. பதிலுக்கு, அவர் கடையை விற்கவும் முடியாது, பிள்ளைகளுக்கு எழுதி வைக்கவும் முடியாது. மற்ற பிராண்டுகளில் லட்சக்கணக்கான டாலர் முதலீட்டுக்குப் பின் மெல்லத் தெரியவரும் உண்மை இங்கே முதல் நாளிலேயே சொல்லப்படுகிறது. வாரிசு விஷயத்தில் மெக்டொனால்ட்ஸும் அண்மையில் இறுகியிருக்கிறது. உரிமதாரர்களின் வாழ்க்கைத்துணைக்கும் பிள்ளைகளுக்கும் தனிச் சலுகை காட்டாமல், மற்ற விண்ணப்பதாரர்களைப் போலவே அவர்களையும் மதிப்பிடுவதாக 2022இல் அமெரிக்க உரிமதாரர்களுக்கு அது அறிவித்தது. 20 ஆண்டுப் புதுப்பிப்பைப் பற்றிய முடிவும் கூடுதல் கடைகள் தருவதைப் பற்றிய முடிவும் இனித் தனித்தனியாக எடுக்கப்படும் என்றது. இவை 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்தி வந்த குடும்பங்களிடையே இது கடும் அதிருப்தியைக் கிளப்பியது. வெளியாருக்கு வாய்ப்புக் கிடைக்க வேண்டும் என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் பிள்ளைக்குப் போகும் என்று எண்ணி மறுமுதலீடு செய்தவரின் கணக்கு நடுவழியில் மாற்றப்பட்டதும் உண்மை.

தாய் நிறுவனம் கைமாறும்போது இவ்வளவு கெடுபிடி எதுவும் இல்லை. சப்வே நிறுவனம் ரோர்க் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு விற்கப்படுவது 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டு 2024 ஏப்ரலில் முடிந்தது. இப்படிப்பட்ட விற்பனைகளில் கடை நடத்துபவர்களின் சம்மதம் தேவைப்படுவதில்லை. உரிமதாரர் யார் என்று பார்த்து, அவரை நம்பித்தான் உரிமம் தருகிறோம், ஆகவே அவர் நினைத்தபடி கைமாற்றக் கூடாது என்பது தாய் நிறுவனங்களின் நிலையான வாதம். தாய் நிறுவனத்தை நம்பி 20 ஆண்டுக்குப் பணம் போட்டவரும் அதையே திருப்பிக் கேட்கலாம். கேட்க ஒப்பந்தத்தில் பிரிவு இல்லை.

இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. அச்சொல்லுக்கு வரையறை தந்தது 1994ஆம் ஆண்டின் நிதிச் சட்டம். அதுவும் சேவை வரி வசூலிப்பதற்காக. ஆகவே 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம், 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் ஆகியவற்றைக் கொண்டே நீதிமன்றங்கள் முடிவெடுக்கின்றன. 60 நாள் கெடுவோ, காரணம் சொல்லும் கட்டாயமோ, 180 நாள் அறிவிப்போ ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு. மறுசாராரின் சம்மதமின்றி ஒப்பந்தக் கடமைகளை வேறொருவருக்கு மாற்ற முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 1962இல் கர்தா நிறுவன வழக்கிலேயே தெளிவாக்கிவிட்டது. குறுகிய அறிவிப்பில் முறிக்கக்கூடிய ஒப்பந்தமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அமிர்தசரஸைச் சேர்ந்த சமையல் எரிவாயு விநியோகஸ்தர் ஒருவர் இந்தியன் ஆயில் நிறுவனத்துக்கு எதிராகத் தொடுத்த வழக்கில், 30 நாள் அறிவிப்பில் முறிக்கலாம் என்று ஒப்பந்தம் சொல்வதால் அந்த 30 நாள் வருமானம்தான் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. உணவகம் இல்லையென்றாலும் பாடம் ஒன்றே: 90 நாள் அறிவிப்பில் யார் வேண்டுமானாலும் முறிக்கலாம் என்ற பிரிவு இருந்தால், பத்தாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பும் ஏறக்குறைய 90 நாள்தான். வாங்குபவர் எஞ்சிய ஆண்டுகளை எண்ணுவதற்கு முன் அந்தப் பிரிவைத் தேட வேண்டும்.

பங்குகள் வழியாக நடக்கும் கைமாற்றத்துக்குக் குஜராத் பாட்லிங் வழக்கு சான்று. கோகோ கோலாவுக்காகப் பானங்களைப் பாட்டிலில் அடைத்துவந்த அந்நிறுவனத்தின் பங்குகள் 1995இல் பெப்சி தரப்பின் கைக்குப் போயின. கட்டுப்பாடு மாறும் வகையில் பங்குகளைக் கைமாற்றுவதற்கு முன்சம்மதம் வேண்டும் என்பது ஒப்பந்தம். ஒப்பந்தக் காலத்துக்குள் போட்டி நிறுவனத்தின் பானங்களை அங்கே தயாரிக்கக் கூடாது என்ற தடையை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டில் உறுதிசெய்தது. பெயர்ப்பலகை மாறாமல் முதலாளி மட்டும் மாறினாலும் கைமாற்றம் கைமாற்றமே.

உணவகத் துறையில் பெரிதாகப் பேசப்பட்டது கன்னாட் பிளாசா விவகாரம். விக்ரம் பக்ஷியும் மெக்டொனால்ட்ஸும் 1995இல் சரிபாதிக் கூட்டாகத் தொடங்கிய கன்னாட் பிளாசா ரெஸ்டாரண்ட்ஸ், வட, கிழக்கு இந்தியாவில் கடைகளை நடத்திவந்தது. 2013இல் பக்ஷி நிர்வாக இயக்குநர் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் அவரை மீண்டும் பதவியில் அமர்த்திய அடுத்த மாதமே, பணம் செலுத்தும் கடமை மீறப்பட்டதாகக் கூறி 169 கடைகளின் ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தை மெக்டொனால்ட்ஸ் முறித்தது. அதற்குச் சற்று முன், ஜூன் மாதத்தில், உணவக உரிமங்கள் உரிய நேரத்தில் புதுப்பிக்கப்படாததால் டெல்லியில் 43 கடைகள் மூடப்பட்டிருந்தன. தாய் நிறுவனத்தோடு சண்டை நடக்கையில் அரசு உரிமத்தின் தேதியைத் தவறவிடுவது எத்தனை எளிது என்பதற்கு அதுவே சாட்சி. 2019 மே மாதம் பக்ஷியின் பாதிப் பங்கை மெக்டொனால்ட்ஸே வாங்கிக்கொண்டது. 2020இல் அந்தப் பகுதிக்கு வேறொரு இந்தியக் கூட்டாளி வந்தார். உறவு முறிந்த உரிமதாரரின் பங்குக்குச் சந்தையில் எத்தனை பேர் விலை சொன்னாலும், கடைசியில் வாங்கத் தகுதியுள்ளவர் ஒரே ஒருவர்தான். அவர் எதிர்த்தரப்பில் அமர்ந்திருப்பவர்.

ஒரு விஷயத்தில் மட்டும் இந்திய உரிமதாரர் பல அமெரிக்க உரிமதாரர்களைவிட வலுவாக நிற்கிறார். ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்படிக்கைகளைச் செல்லாதவை என்கிறது. ஆகவே காலம் முடிந்து புதுப்பிக்கப்படாமல் வெளியேறுபவர் அதே தெருவில் வேறு பெயரில் உணவகம் திறப்பதைத் தடுப்பது கடினம். அமெரிக்கச் சட்ட வல்லுநர் டேவிட் டட்லி ஃபீல்ட் நியூயார்க்குக்காக எழுதிய சட்ட வரைவிலிருந்து வந்த பிரிவு இது. நியூயார்க் அதை ஏற்கவில்லை, 1872இல் இந்தியாவும் கலிபோர்னியாவும் எடுத்துக்கொண்டன. ஆனால் அதே பிரிவில் ஒரு விலக்கு உண்டு: தொழிலின் நன்மதிப்பை விற்றவர், நியாயமான எல்லைக்குள், அதே தொழிலை அங்கே செய்யக் கூடாது என்று வாங்கியவர் கட்டுப்படுத்தலாம். எனவே காலம் முடிந்து வெறுங்கையோடு வெளியேறுபவர் சுதந்திரமானவர். விலைக்கு விற்றுவிட்டு வெளியேறுபவர் கட்டுண்டவர்.

கடைசியாக, தமிழ்நாட்டில் ஒரு தேநீர்க்கடையோ பிரியாணிக் கடையோ ஃபிரான்சைஸாகக் கைமாறும்போது ஒப்பந்தத்துக்கு வெளியே பார்க்க வேண்டியவை சில. 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டப்படி, கட்டட உரிமையாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றி வாடகைதாரர் தன் உரிமையை வேறொருவருக்கு மாற்ற முடியாது. ஆகவே தாய் நிறுவனம், கட்டட உரிமையாளர் என இரண்டு பேரின் சம்மதமும் கையில் வந்த பிறகே முன்பணத்துக்கு மேல் பணம் கைமாற வேண்டும். கட்டட உரிமையாளரிடம் கிடக்கும் பழைய அட்வான்ஸ் யாருக்குச் சேரும் என்பதை விற்பனைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ராயல்டிக்கும் புதுப்பிப்புக் கட்டணத்துக்கும் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. பெரும்பாலான உணவகங்கள் வாடிக்கையாளரிடம் 5 சதவீதம் வசூலித்து, உள்ளீட்டு வரி வரவு (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி) இல்லாமல் இயங்குவதால் அந்த 18 சதவீதம் திரும்பி வராது. ஐந்து லட்சம் ரூபாய் புதுப்பிப்புக் கட்டணம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், கல்லாவிலிருந்து போவது ஐந்து லட்சத்துத் தொண்ணூறாயிரம்.